முழு நீளத்துக்கும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மனு எழுதி முடித்தாயிற்று. இரண்டு பக்கம், ஆறு பத்தி, கடைசியில் வேண்டுகோள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன், பதினொன்றுக்கு எழுந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர் மனுவில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற சூப்பரின்டென்டென்ட் நான். திருப்பி அனுப்ப முடியாத மனு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். சித்தாம்பேடு ஏரிக்குக் காட்டுப் பக்கத்திலிருந்து மழைத்தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக் கால்வாயை, பசுஞ்சோலை பிராப்பர்ட்டீஸ் என்ற கம்பெனி லாரி லாரியாகச் செம்மண் கொட்டித் தூர்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்திலிருந்த மாடு மேய்க்கிற நிலத்தில் பாதிக்கு மனைக் கொடி நட்டாயிற்று. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஏழே நிமிடம் என்று நுழைவு ஆர்ச்சில் எழுதியிருக்கிறான். நான் தினம் நடக்கிறவள். இருபத்தைந்து நிமிடம்.

இந்த ஏரியையும் பச்சையையும் பார்த்துத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையை விட்டு இங்கே லேக் வியூ நகருக்கு வந்தோம். நாற்பது வீடு. எந்த மாடியிலிருந்து பார்த்தாலும் ஏரி தெரியாது என்பது வேறு விஷயம். இனி அந்தப் பச்சையையும் மனை போட்டு விற்க விடுவதா?

வேண்டுகோளில் இப்படி எழுதினேன்: “மேற்படி கால்வாயைத் தலைப்பு முதல் ஏரி வரை முழு நீளத்துக்கும் பழைய புலப்படத்தின்படி அளந்து, ஆக்கிரமிப்பு எவருடையதாயினும் அகற்றித் தர வேண்டுகிறேன்.” ‘இந்த இடத்தில் மட்டும் அளக்கவும்’ என்று கேட்டால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, ‘எந்த சர்வே எண் முதல் எந்த சர்வே எண் வரை?’ என்று ஒரு கேள்வி போட்டுத் திருப்பிவிடுவான். மூன்று மாதம் போய்விடும். முழுதாகக் கேட்டால் கேள்விக்கு இடமே இல்லை.

இவரிடம் படிக்கக் கொடுத்தேன். ரிட்டையர் ஆனதிலிருந்து சமையல் இவர்தான். கரண்டியோடு வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

“முழு நீளத்துக்குமா கேக்கற?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல.” போய்விட்டார். லேத் பட்டறையில் இருந்தவருக்கு ஆபீஸ் பாஷை என்ன தெரியும்.

வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. அரை நாள் லீவ்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்து ஷெட்டில் கிராம சபை. லேக் வியூ நகரிலிருந்து போனது நானும் எங்கள் அசோசியேஷன் செயலாளர் ஜோதிலிங்கம் சாரும் மட்டும். அவரும் பாதியில் கிளம்பிவிட்டார், டிவியில் ஏதோ மேட்சாம்.

கால்வாயைப் பற்றிப் பேசியதும் ஊர் ஜனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பாசன சங்கத் தலைவர் முனிரத்தினம் எழுந்து நின்று பேசினார். அறுபது வயசு இருக்கும், நாலு ஏக்கர் நெல் வைக்கிறவர். ஏரி கடைசியாகக் கோடி போய் ஒன்பது வருஷம் ஆகிறதாம். நிரம்பி மறுகால் வழிவதைத்தான் இங்கே கோடி போகிறது என்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பெய்த பேய்மழையில் சுற்றிலும் எல்லா ஏரியும் வழிந்தபோதுகூட இது பாதிதான் நிரம்பியதாம்.

“மழை குறைஞ்சு போச்சு” என்றேன்.

முனிரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மழை எங்க மேடம் குறைஞ்சுது?” என்றார்.

கோடி போனால் அன்றைக்கே கங்கையம்மனுக்குக் கெடா வெட்டி, கறியைக் கூறு போட்டு வீட்டுக்கு ஒரு கூறு கொடுப்பார்களாம். நிலம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு கூறு.

“எங்களுக்கு உண்டா?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“நீங்க நகர் ஆளுங்களாச்சே மேடம்” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேசம்மாள் பால் ஊற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாள். ஐந்து மாடு வைத்திருந்தவள் இரண்டை விற்றுவிட்டாளாம். மேய்க்க இடமில்லை, தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

“இந்தப் படிக்கல்லு இன்னா சில்லுனு கீது ஆபீசரம்மா” என்றாள். எங்கள் வாசல்படி மூன்றும் பழைய கருங்கல். தெருவில் மற்றவர்கள் எல்லாம் டைல்ஸ் போட்டு வழுக்கி விழுகிறார்கள். நான் தினம் காலையில் தேய்த்துக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுத்தான் ஆறு நாற்பது லோக்கலுக்கு ஓடுவேன்.

“மனு குடுத்திருக்கேன் தேசம்மா. உன் மேய்ச்சல் நெலமும் திரும்ப வரும்” என்றேன்.

“கால்வா முழுக்க அளக்கச் சொன்னீங்களாமே. முனிரத்தினம் சொல்லிச்சு.”

“ஆமா.”

“ம்.” படிக்கல்லை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு எழுந்து போனாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கால்வாயை முழு நீளத்துக்கும் அளக்கும்படி கலெக்டர் உத்தரவு. நகல் எனக்கும் வந்துவிட்டது. என் வாக்கியத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆபீசில் நாலு பேருக்குக் காட்டினேன். “மேடம் டிராஃப்டுன்னா சும்மாவா” என்றாள் டைப்பிஸ்ட். ஸ்டேஷனில் இறங்கியதும் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு சர்வேயர் ஜீப்பில் வந்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் வேலையில் கெட்டி. கூட இரண்டு உதவியாளர்கள், முக்காலியில் நிற்கும் ஒரு மெஷின். ஊரிலிருந்து ஐம்பது பேராவது வந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் மேனேஜர் நரேந்திரபாபு வந்திருந்தார்.

ஏரிப் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். கம்பெனி மண் கொட்டிய இடத்தில் கால்வாயின் அகலம் ஆறு மீட்டர் என்று குறித்துக் கல் நட்டார்கள். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அந்த மனுஷன் சும்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அங்கிருந்து கோடு லேக் வியூ நகருக்குள் வந்தது. ஜோதிலிங்கம் சார் காம்பவுண்டு சுவரில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு. பக்கத்துக் காலி மனையில் ஒரு கல். பிறகு சர்வேயர் எங்கள் கேட் முன்னால் நின்று, கையிலிருந்த படத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

“இந்த வீடு யாருது?”

“என்னுது.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “மேடம், மேல போகட்டுமா? இல்ல இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமா?”

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. “மனுவில் என்ன இருக்கோ அதைச் செய்யுங்க” என்றேன்.

இவர் அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். சர்வேயரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். “வாங்க, உள்ள வாங்க” என்று வேறு சொன்னார். அடுப்படிச் சுவரில், மளிகை டப்பா அலமாரிக்கு இரண்டு விரல்கடை தள்ளி, சிவப்புக் கோடு விழுந்தது. அடுப்படி, பின்பக்கத்துக் குளியலறை, தண்ணீர் சம்ப், முருங்கைமரம், முன்பக்கத்தில் கரையில் விழுகிற வாசல்படி. இவ்வளவும் கால்வாய். ஹாலும் படுக்கையறையும் பட்டா நிலம்.

ரசம் ஆறிவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 19, வெள்ளி

லீவ். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தேசம்மாள் வழக்கம்போல் வந்தாள். படியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பால் ஊற்றினாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா தேசம்மா?”

“தெரியாம இன்னா? சின்னப் புள்ளைல இங்கதான மாடு குளிப்பாட்டுவோம். உங்க முருங்க இந்தக் காய்ப்பு காய்க்குதே, இன்னா மண்ணுன்னு நெனச்சீங்க?”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வூடு கட்டி பால் காய்ச்சி குடி வந்தவங்ககிட்ட போயி, கால்வாயில குந்திகினு கீறீங்கன்னு சொல்றதா? நல்லாவா கீது?” சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “மனு குடுத்தன்னு சொன்னப்ப, தெரிஞ்சுதான் குடுத்தீங்கன்னு நெனச்சேன். ஊர்ல எல்லாம் அப்டித்தான் பேசிக்கினாங்க. பெரிய மனசுன்னு.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊர் முழுக்க ஒன்பது வருஷமாக என் அடுப்படியைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

பீரோ மேல்தட்டில் பழைய டைரிகளைத் தேடினேன். வீடு கட்டிய வருஷத்து டைரி கிடைத்தது. மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

“சம்ப் தோண்டும்போது நீளமாகக் கருங்கல் கட்டு வந்தது. பழைய கால்வாய்க் கரையாக இருக்கும், இன்னொரு பக்கம் தள்ளித் தோண்டட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். இவரும் யோசித்தார். வேண்டாம், வேலை தள்ளிப் போகும் என்றேன். கல் நல்ல கல். வாசல்படிக்குப் போடச் சொன்னேன்.”

என் கையெழுத்துதான். ‘கால்வாய்’ என்ற வார்த்தைக்குக் கீழே கோடுகூட போடவில்லை. மறந்தே போயிருந்தேன் என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் அந்தக் கல்லைத்தான் தினம் காலையில் கழுவியிருக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஜோதிலிங்கம் சார் அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் நீளமாக ஒன்று போட்டிருக்கிறார். ‘தனிப்பட்ட முறையில் சிலர் கொடுத்த மனுவுக்கு நகர் பொறுப்பல்ல.’ முப்பத்திரண்டு பேர் கட்டை விரல் போட்டிருக்கிறார்கள். அவருக்குப் போவது ஒரு காம்பவுண்டு சுவர். காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். மனுஷனுக்கு அந்தப் பக்கம் சாக்கடை என்பதுகூட ஞாபகமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மேனேஜர் நரேந்திரபாபு வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு முழம் கதம்பம். வயசில் சின்னவர், மரியாதையான ஆள். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றினார்.

“மேடம், உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மனுவை நீங்களே வாபஸ் வாங்கிட்டா போதும். மனுதாரரே வேண்டாம்னா ஃபைலை மூடிருவாங்க. உங்க வீடு அப்படியே இருக்கும், எங்க மனையும் இருக்கும். யாருக்கும் தலைவலி இல்ல.”

“வாங்கலேன்னா?”

“விசாரணைல நாங்க பதில் மனு போட்டாகணும். அதுல உங்க வீட்டைப் பத்தி எழுதாம இருக்க முடியாது இல்லீங்களா? அப்பறம் ரெண்டு ஆக்கிரமிப்பையும் ஒண்ணா விசாரிக்கணும்னு கேப்போம். மழை முடிஞ்சு, பொங்கல் தாண்டி, பங்குனி ஆயிரும். அதுக்குள்ள எங்க மனையெல்லாம் பத்திரம் பதிஞ்சு கைமாறியிருக்கும். வாங்கினவங்க எல்லாம் உங்கள மாதிரி குடும்பஸ்தங்கதான்.”

இவர் காபி கொண்டு வந்து வைத்தார். மேனேஜர் குடித்துவிட்டு, “சார் கைக் காபியா? பிரமாதம்” என்றார். நிஜமாகவே நன்றாக இருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

வாபஸ் கடிதம் எழுதினேன். நாலே வரி. நன்றாக வந்திருக்கிறது. உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தபாலில் போடவில்லை, ரிஜிஸ்டர் தபால் கவுன்டரில் கூட்டம்.

அக்டோபர் 8, புதன்

கவுன்டரில் கூட்டம்.

அக்டோபர் 9, வியாழன்

கூட்டம் இல்லை. போடவும் இல்லை.

மாலை லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவடி தாண்டியதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். கொடி நட்ட மனைப் பிரிவு பதினேழு. எல்லாவற்றின் பெயரிலும் ஒரு ஏரியோ தோப்போ சோலையோ இருந்தது. எங்கள் நகரைச் சேர்த்தால் பதினெட்டு.

அக்டோபர் 13, திங்கள்

பதில் மனுவின் நகலும் விசாரணை நோட்டீசும் வந்தன. ஆர்டிஓ ஆபீஸ், அக்டோபர் 30, காலை பதினொரு மணி.

அவர்கள் வக்கீல் கெட்டிக்காரர். மொத்தம் ஒன்பது பத்தி. எட்டு பத்தி வெறும் சப்பை, ஒரு கேள்வியில் உடைத்துவிடலாம். ஐந்தாவது பத்தி மட்டும்தான் மனு: “மனுதாரரே மேற்படி கால்வாயை ஆக்கிரமித்து வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு, பிறரை மட்டும் அகற்றக் கோருவது உள்நோக்கம் கொண்டது. இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.”

மூன்று முறை படித்தேன். நான் அந்த சீட்டில் இருந்தாலும் இதை ஏற்றுக்கொண்டு பங்குனிக்குத் தள்ளிவைப்பேன். சரியான பத்தி. எந்தப் பதிலும் இதற்கு நிற்காது. 30-ஆம் தேதி இந்தப் பத்தி உண்மையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் வழி.

அக்டோபர் 18, சனி

ஐந்து நாளாக இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அடுப்படி என்னுடையது இல்லை, இவருடையது. ரிட்டையர் ஆகி மூன்று மாதம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர், ஒருநாள் எழுந்து போய் வெங்காயம் நறுக்கினார். அதிலிருந்துதான் மனுஷன் ஆனார். அந்த மளிகை அலமாரி அவரே தேக்குப் பலகை அறுத்துச் செய்தது. ஒவ்வொரு டப்பாவுக்கும் அளவெடுத்து ஒரு குழி.

இட்லி போட்டுக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்று பதில் மனுவின் ஐந்தாவது பத்தியை வாசித்துக் காட்டினேன். வேறு விதமாகப் பேச எனக்கு வரவில்லை.

கேட்டுக்கொண்டே இரண்டு இட்லியை என் தட்டில் எடுத்து வைத்தார்.

“எந்தச் சுவர் வரைக்கும்?” என்றார்.

“கோடு போட்டிருக்காங்களே, அதுவரைக்கும்.”

“அப்போ லிண்டலை இந்தப் பக்கம் முட்டுக் குடுத்துட்டுத்தான் இடிக்கணும். இல்லேன்னா ஹால் விரிசல் விட்டுரும்.” மேஜை டிராயரிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

“உங்களுக்கு ஞாபகம் இருந்ததா? அந்தக் கல்?”

“இருந்துச்சு.”

“மனு படிக்கக் குடுத்தப்போ சொல்லியிருக்கலாமே!”

“கேட்டேனே. முழு நீளத்துக்குமான்னு.” டேப்பைச் சுவரில் பிடித்தார். “நீ ஆமான்ன. சரி, தெரிஞ்சுதான் கேக்கறன்னு நெனச்சேன்.”

ஊரும் அப்படியே நினைத்தது, கட்டின புருஷனும் அப்படியே நினைத்திருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மீட்டர் நாற்பது.

கைப்பையிலிருந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

இவர் நாலு மணிக்கே எழுந்துவிட்டார். அதிரசம், முள்ளு முறுக்கு, மட்டன் குழம்பு, இட்லி. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்க வாயெடுத்துக் கேட்கவில்லை. அந்த அடுப்படியில் இதுதான் கடைசிப் பண்டிகை.

அக்டோபர் 25, சனி

மேஸ்திரியும் நாலு ஆட்களும் வந்தார்கள். அன்றைக்குக் கட்டின அதே மேஸ்திரி. தலை நரைத்துவிட்டது. “அப்பவே கேட்டேன் மேடம்” என்றார். “ஆமாம் மேஸ்திரி, கேட்டீங்க” என்றேன்.

முதலில் முருங்கை. பிறகு குளியலறை, சம்ப். ஹாலுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தைத் தட்டி வைத்து மறைத்து அதைக் குளியலறையாக்கியிருக்கிறோம். அடுப்படிச் சுவர் பகல் இரண்டு மணிக்கு விழுந்தது. அலமாரியை மட்டும் இவர் தானே ஸ்குரூ கழற்றி, ஒருவரையும் தொடவிடாமல் ஹாலுக்குத் தூக்கி வந்தார். டப்பாக்களை அந்தந்தக் குழியில் வைத்தார். அப்புறம் போய் டிவி ஸ்டாண்டு மேல் கேஸ் அடுப்பை வைத்து டீ போட்டார்.

கடைசியாக வாசல்படி. மூன்று கல்லும் கடப்பாரைக்கு அசையவே இல்லை. மேஸ்திரி பாவம், வியர்த்து விறுவிறுத்துக் கடைசியில் பெயர்த்துவிட்டார். ஏறி இறங்க இப்போதைக்கு ஒரு ஸ்டூல்.

தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லா ஜன்னல் திரையும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

ஆர்டிஓ ஆபீஸ். அவர்கள் வக்கீல் ஐந்தாவது பத்தியிலிருந்துதான் தொடங்கினார். எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்குவேன். முடிக்கிற வரை பேசாமல் இருந்தேன். பிறகு போட்டோக்களையும், கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துக் கொடுத்த சான்றையும் மேஜைமேல் வைத்தேன்.

“ஐந்தாவது பத்தி இப்போது பொருந்தாதுங்க, ஐயா. மனுதாரரின் ஆக்கிரமிப்பு 25-ஆம் தேதியே மனுதாரராலேயே அகற்றப்பட்டுவிட்டது.”

ஆர்டிஓ போட்டோவைப் பார்த்தார். “இது சமையலறைங்களாம்மா?”

“இருந்தது.”

முனிரத்தினமும் ஊர் ஆட்கள் பத்துப் பேரும் பின்னால் நின்றிருந்தார்கள். மேனேஜர் நரேந்திரபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அவகாசம் கேட்டார். “எதுக்கு? உங்க ஆட்சேபணையே போயிடுச்சே” என்று ஆர்டிஓ மண்ணை அகற்ற ஏழு நாள் கெடு எழுதினார். நல்ல உத்தரவு, குறை சொல்ல இடமில்லை.

வெளியே வந்ததும் வராண்டா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனிரத்தினம் ஒரு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

நவம்பர் 7, வெள்ளி

ஜேசிபி மூன்று நாளாகச் செம்மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது. ஜோதிலிங்கம் சார் காம்பவுண்டும் போய்விட்டது. எங்கள் வீட்டு ஓரம் ஆறு மீட்டர் அகலத்துக்குப் பள்ளம். வாசல்படிக் கல் மூன்றையும் ஊர் ஆட்கள் எடுத்துப் போய்க் கரையில் பழைய இடத்திலேயே பதித்தார்கள். ஒரு கல்லில் என் கோலத்தின் வெள்ளை இன்னும் போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை இல்லை. ஹாலில் சமைத்து, ஹாலிலேயே சாப்பிட்டு, துணிமணி எல்லாம் தாளிப்பு வாசனை. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி இன்றைக்கு என்ன சாம்பார் என்று முகர்ந்தே சொல்கிறாள். இவருக்கு முழங்கால் வலி, ஸ்டூலில் ஏறி இறங்க முடியவில்லை. பைத்தியக்காரத்தனம் பண்ணிவிட்டேனோ என்று இன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

நேற்று பிற்பகலிலிருந்து விடாத மழை. ரயில் இல்லை, லீவ். பத்தரை மணி இருக்கும், இவர் கூப்பிட்டார். “கஸ்தூரி, இங்க வா, சீக்கிரம்.” அடுப்படி இருந்த பக்கத்து ஜன்னல். செந்தண்ணீர், சுள்ளியும் சருகும் தள்ளிக்கொண்டு, வளைந்து வந்து எங்கள் சுவரை ஒட்டிப் போனது. சத்தம் அதிகமில்லை. இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீ ஆறுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்திலேயே நின்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் பம்பை மேளச் சத்தம் கேட்டது. ஊர்ப் பக்கம் ஒரே கூச்சல். குடை எடுத்துக்கொண்டு போனேன். ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. மறுகால் மேல் கண்ணாடித் தகடு விரித்ததுபோல் தண்ணீர் வழிந்தது. பெண்கள் மஞ்சளும் பூவும் தூவினார்கள். முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைக்கவும் இல்லை.

ஆபீசுக்கு லீவ் கடிதம் அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் ‘ஏரி கோடி போனது’ என்று எழுதினேன். திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

பிற்பகல் தேசம்மாள் வந்தாள். படி இல்லாததால் தலைமேல் கோணியைப் போட்டுக்கொண்டு கீழே கரையிலேயே நின்று, ஒரு தூக்குப் பாத்திரத்தை எட்டிக் கொடுத்தாள். தேக்கிலையில் கட்டிய கறி.

“இன்னாது இது?” என்றேன், அவளைப் போலவே.

“கூறு. வூட்டுக்கு ஒண்ணு.”

“நூத்திப் பன்னெண்டுன்னு சொன்னாரே.”

“இப்ப நூத்திப் பதிமூணு. முனிரத்தினம் நோட்டுல எழுதியாச்சு. உங்க வூட்டுக்காரர் பேரா, உங்க பேரான்னு கேட்டாங்க. உங்க பேருதான் சொன்னேன்.”

இவர் உள்ளேயிருந்து, “மிளகு டப்பா எங்க வெச்ச?” என்று கேட்டார். கறியை ஒரு சட்டியில் மாற்றிவிட்டுத் தூக்கைக் கழுவினேன். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதே என்று அலமாரியில் தேடி, இரண்டு கை சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.